மூன்றெழுத்தும் ஒரு கோடும்

எனிட் ப்ராஸர் பழைய பத்திரத்தைக் கையில் வாங்கியதும் படிப்பதில்லை. முதலில் முகர்கிறார். பத்திரம் எழுதிய ஆட்டுத்தோலின் ஒரு மூலையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார். "அடுப்புக்கு மேல மாடத்துல இருந்திருக்கு" என்பார். அல்லது, "எலி. ஆனா ரொம்ப நாளைக்கு முந்தின எலி." எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் வீட்டு மாடத்தை நினைத்துக்கொண்டு வாயைப் பிளக்கும்போதுதான் சுருளை விரிப்பார்.

ஆஷ்வார்டினில் வியாழக்கிழமைதோறும் சந்தை. பாலாடைக்கட்டி வண்டிக்கும் சாவி வெட்டுபவருக்கும் நடுவே எனிட்டின் மடக்கு மேசை. மேலே பச்சைக் கம்பளித் துணி, பூதக்கண்ணாடி, தோல் சுருண்டுவிடாமல் இருக்க உலர்ந்த பட்டாணி நிரப்பிய நான்கு சிறு பைகள். முன்னால் ஓர் அட்டை: 'பழைய பத்திரங்கள் படித்துச் சொல்லப்படும். உட்காருங்கள்.' மழை வந்தால் பாலாடைக்கட்டி வண்டியின் கூரைக்குள் மேசையோடு நகர்ந்துகொள்வார்.

"என்ன எனிட், செத்தவங்க இன்னைக்கு என்ன சொல்றாங்க?" என்பார் வண்டிக்காரர் கோலின்.

"உன் செடார் கட்டி போன மாசத்துதுன்னு சொல்றாங்க."

அறுபத்தெட்டு வயது. ஊர் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவர். லத்தீனைப் பள்ளியில் படிக்கவில்லை. அலுவலகத்தின் அடித்தளத்தில், இரும்புக் கதவுக்குப் பின்னால், மதிய உணவு நேரத்தில் படித்தார். 1733இல் இந்த நாட்டு நீதிமன்றங்கள் லத்தீனைக் கைவிட்டன. அதற்கு முந்தைய சுருளையும் பிந்தைய சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் அதே வாசகம்தான் இரண்டு மொழியில் ஓடும். நம் ஊர்ப் பத்திரத்தில் 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாண' என்று மூச்சுவிடாமல் ஓடும் வரியைப் போல இங்கும் வீடு, முற்றம், கொல்லை, நீர், வழி என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் எனிட் மற்றதற்குள் போனார். ஒரு கையில் முட்டை சாண்ட்விச்; மற்றொரு கையில் பதினாறாம் நூற்றாண்டு. "நல்லவேளை, முட்டையை என்னைக்கும் தப்பான பக்கம் வெச்சதில்லை" என்கிறார்.

அவரிடம் வருபவர்களில் பாதிப் பேர் சண்டைக்காக வருவதில்லை. பரணில் கிடைத்தது என்னவென்று தெரிந்தால் போதும் என்று வருகிறார்கள். ஒரு கொத்தனார் இரண்டு வருடமாகத் தேவாலயத்துக் கல்லறைகளில் தன் முப்பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். பத்திரத்தில் 'லேட் ஆஃப் கின்லி' என்று இருந்ததாம்.

"கின்லியில இருக்கற அத்தனை கல்லையும் தேய்ச்சுப் பாத்துட்டேன். ஆளைக் காணோம்."

"எப்படி இருப்பாரு கண்ணு? அவரு சாகவே இல்லையே. பழைய பத்திரத்துல லேட்டுன்னா 'முன்னே அங்க இருந்தவரு'ன்னும் அர்த்தம். மனுஷன் வீடு மாறியிருக்காரு."

"எங்க மாறினாரு?"

"அடுத்த வரியில இருக்கு. நீங்க லேட்டுலயே நின்னுட்டீங்க."

இன்னொரு பெண்மணிக்கு வேறு குழப்பம். பத்திரத்தில் எட்வின் என்பவனைக் குழந்தை என்று எழுதியிருக்கிறது. அதே குழந்தைக்குப் பெண்டாட்டியும் இருக்கிறாள். எனிட் சிரிக்காமல் சொன்னார்: "இருபத்தொண்ணு ஆகலைன்னா அந்தக் காலத்துச் சட்டத்துக்குக் குழந்தைதான். மீசை கணக்குல வராது. எங்க வீட்டுக்காரரு அறுபதுலயும் குழந்தையாத்தான் இருந்தாரு, அதுக்குச் சட்டத்துல வார்த்தை இல்லை."

உயில் மட்டும் விதிவிலக்கு. அண்ணன் இருந்து தம்பி இல்லையென்றால் வாய்விட்டுப் படிக்க மாட்டார். "ரெண்டு பேரும் வாங்க. ஒரு பக்கம் காது மட்டும் வெச்சு உயில் கேக்கக் கூடாது." ஒருமுறை ஒருவர் அக்காவைக் கைப்பேசியில் அழைத்து மேசைமேல் வைத்தார். எனிட் பட்டாணிப் பைகளில் ஒன்றை எடுத்து அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் படித்தார்.

அவருக்கு என்று ஒரு விதி. அச்சடித்து வைக்கவில்லை, ஆனால் வருகிற எல்லாருக்கும் சொல்லுவார். "இருக்கறதைப் படிக்கணும். இருக்கணும்னு ஆசைப்படறதைப் படிக்கக் கூடாது." சந்தேகமான எழுத்தின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். சில வியாழக்கிழமைகளில் அவருடைய தாளில் எழுத்தைவிடப் புள்ளி அதிகம்.

விதியை அவர் மீறியது ஒரே முறை. அந்த முறை புள்ளியும் வைக்கவில்லை.

கின்லியில் மேவிஸ் குவில்லியம் என்றொருவர். எனிட்டும் அவரும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். மேவிஸ் வளர்ப்பது வாத்து; சின்ன வாத்தல்ல, நீண்ட கழுத்தும் கெட்ட கோபமும் கொண்ட வெள்ளைப் பெருவாத்து. நாற்பது உருப்படி. கிறிஸ்துமஸுக்கு விற்பார், முட்டை வசந்தம் முழுக்க. அதுதான் அவருக்கு வருமானம். வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு புல்வெளி. நிலம் பெரிய வீட்டுக்காரருடையது. மேய்ச்சல் உரிமை மேவிஸின் வீட்டுக்கு உண்டு. மாவட்டப் பதிவேட்டில் அந்த உரிமை 'பழைய வழக்கப்படி' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு என்று இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் எனிட் ஆவணக் காப்பகத்துக்குப் போய், கின்லியின் அறுநூறு வருடப் பழைய சுருள் ஒன்றில் அந்த வீட்டின் பெயரைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் 'நாலு' என்ற எண். அதற்குப் பக்கத்தில் மூன்றெழுத்தும் மேலே ஒரு கோடும். அந்தக் காலத்து எழுத்தர்கள் தோலை மிச்சம் பிடிக்க எல்லாச் சொல்லையும் இப்படித்தான் வெட்டுவார்கள். முதல் எழுத்து 'a', அது தெளிவு. மற்ற இரண்டும் ஈரம் பட்டு மங்கல். ஏக்கருக்கு லத்தீனில் ஆக்ரா. எனிட் 'நான்கு ஏக்கர் மேய்ச்சல்' என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேவிஸ் நான்கு ஏக்கரை அளந்து வேலி போட்டார். பழைய பெரிய வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் பெரிய வீடு கை மாறியது. புதியவர் ரூபர்ட் டாரன்ட், ஆற்றோரத்தில் விடுமுறைக் குடில்கள் கட்டுவதற்காக வாங்கியவர். வேலிக்குள் இருக்கும் நான்கு ஏக்கர்தான் அதற்குத் தோதான மேடு. மேவிஸின் உரிமையை நிரூபிக்கச் சொல்லி மாவட்டத்துக்கு எழுதிவிட்டார். மார்ச் மாதம் விசாரணை என்று நாள் குறித்தார்கள். மேவிஸிடம் இருந்தது எனிட் கொடுத்த அந்த ஒரு தாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனிட் மீண்டும் காப்பகத்துக்குப் போனார். தாளை உறுதிப்படுத்த இன்னொரு சான்று கிடைக்குமா என்று பார்க்கத்தான். பத்து வருடம் பிந்தைய சுருள் ஒன்று கிடைத்தது. எழுதியவர் வேறு ஆள், தோலைப் பற்றிக் கவலைப்படாதவர். சொல்லை வெட்டாமல் முழுசாக எழுதியிருந்தார். ஆக்ரா இல்லை. அவுக்கா. அதுவும் 'a'வில் தொடங்குவதுதான். லத்தீனில் பெருவாத்து.

ஏக்கர் அல்ல, நான்கு வாத்து.

அன்று சாயங்காலமே எனிட் கின்லிக்குப் பேருந்து ஏறினார். ஊர் வாரப் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க மேவிஸின் சமையலறையில் நான் அப்போது உட்கார்ந்திருந்தேன். எனிட் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நாலு வாத்தா?" என்றார் மேவிஸ். "நாலு? எங்கிட்ட நாப்பது இருக்கு எனிட்!"

"தெரியும்."

"கொல்லையில கத்திட்டிருக்கறது உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது மேவிஸ்."

"சரி. இதை யாரு படிச்சா?"

"நான்தான்."

"வேற யாரு படிக்க முடியும்? இந்த மாவட்டத்துல அந்தக் கிறுக்கலைப் படிக்கறதுக்கு உன்னை விட்டா எவன் இருக்கான்? அந்த டாரன்ட்டு படிப்பானா? அவனுக்கு நெடுஞ்சாலைப் பலகையே படிக்கத் தெரியாது, ரெண்டு தடவை ஆத்துக்குள்ள காரை விட்டான்."

"வாத்துன்னு எனக்குத் தெரியுமே."

"மறந்துடு."

எனிட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போய் அந்த வரியைப் படிச்சேன். உனக்கு நிலம் வேணும். அதனால நிலம் தெரிஞ்சுது. தப்பு உன்னுதில்லை."

"தப்பு உன்னுது, வாத்து என்னுது. நல்லா இருக்கு!"

பிறகு எனிட் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். வாக்கியம் அங்கே முடியவில்லை. 'நான்கு வாத்துகள், கூட' என்று போகிறது. அதற்குமேல் உள்ளது தோலின் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காப்பகத்தில் பழுதுபார்ப்பவர் ஈரம் காட்டி மடிப்பைப் பிரித்தால்தான் தெரியும். சில நாள் ஆகும்.

மேவிஸ் நிமிர்ந்தார். "கூடன்னு இருக்கா? கூட என்ன?"

"தெரியலை."

"கூட முப்பத்தாறு வாத்துன்னு எழுதிக்கோ."

"மேவிஸ்."

"கூட வாத்துக் குஞ்சுன்னு எழுது. கூட மேவிஸ்னு எழுது! என்னவோ ஒண்ணு எழுதேன், நீதானே படிக்கறே?"

"பாக்காம எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதினதுக்குத்தான் இப்ப இங்க உட்காந்திருக்கேன்."

"அப்ப விசாரணைக்கு வராதே. வந்து நாலுன்னு சொல்லி என்னைக் கவுக்காதே. வீட்டுலயே இரு."

எனிட் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார். "வருவேன்" என்றார். அந்த வாரம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை எனிட்டின் மேசைக்கு வழக்கம்போல ஆள் வந்தார்கள், அவரும் படித்தார். புள்ளிகள்தான் இன்னும் அதிகமாக விழுந்தன. கோலின் பகடி செய்யக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு பாலாடைக்கட்டியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

விசாரணை பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் மாடியில், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. மாவட்டக் குழுவில் மூன்று உறுப்பினர்கள். தலைவர் பியூ, செம்மறி வளர்ப்பவர், கூட்டம் நடக்கும்போதே ஆட்டுக்குக் குறி போட்டுக் கை விரலில் ஒட்டிய தாரைச் சுரண்டிக்கொண்டிருப்பவர். டாரன்ட் பக்கம் ஓர் இளம் வழக்கறிஞர். இந்தப் பக்கம் மேவிஸ், தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு. எனிட் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார்.

கூப்பிட்டதும் எழுந்து போய், நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏழு வருஷத்துக்கு முன்னே நான் குடுத்த தாள்ல ஒரு வார்த்தை தப்பு. ஏக்கர்னு போட்டேன். அது வாத்து. நாலு வாத்து."

மாடியில் யாரோ சிரித்தார்கள். மேவிஸ் தன் கைப்பையைப் பார்த்தபடி இருந்தார். இளம் வழக்கறிஞருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. வேகமாக எழுந்தார்.

"அப்போ நாலு ஏக்கருங்கற பேச்சே இல்லை?"

"இல்லை."

"நாலு வாத்து. ஆனா இவங்க வெச்சிருக்கறது நாப்பது. முப்பத்தாறு வெளியே போகணும். அவ்வளவுதானே மிஸஸ் ப்ராஸர்?"

"வாக்கியம் இன்னும் முடியலைங்க" என்றார் எனிட்.

திங்கட்கிழமை மடிப்புப் பிரிந்திருந்தது. எனிட் அதன் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். உறுப்பினர்கள் முன்னால் விரித்தார். நான்கு வாத்துகள், கூட அவற்றின் செக்வேலா, புல்வெளி முழுவதும்.

"செக்வேலா" என்றார் வழக்கறிஞர். "அது மருத்துவர்கள் சொல்ற வார்த்தை. பின்விளைவு."

"மருத்துவருக்குப் பின்விளைவு. பண்ணைக்குப் பின்னால வர்றது. ஒரு பன்னியோட செக்வேலான்னா அதோட குட்டிங்க. வாத்தோடதுன்னா குஞ்சுங்க."

பியூ தார் சுரண்டுவதை நிறுத்தினார். "நிச்சயமாவா?"

எனிட் படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார். பிறகு சொன்னார். "எனக்கு அந்த வார்த்தை பிடிக்காதுங்க. அதே சுருள்ல, ரெண்டு முழம் மேல, வில்லியம்னு ஒரு ஆளை விக்கறாங்க. மண்ணோட கட்டிப்போட்ட குடியானவன். 'வில்லியம், அவனோட செக்வேலா சகிதம்'னு எழுதியிருக்கு. அது அவன் பொண்டாட்டி பிள்ளைங்க. மனைவின்னு எழுதலை, மக்கள்னு எழுதலை. பின்னால வர்றதுங்க. வாத்துக்குப் போட்ட அதே வார்த்தை. அதனாலதான் எனக்கு அர்த்தம் நல்லாத் தெரியும். ஒரு எழுத்துக்குக் கீழகூட நான் புள்ளி வைக்கலை, பாருங்க."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். வழக்கறிஞரும் பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் வழக்கறிஞர். "குஞ்சு குஞ்சாத்தானே இருக்கும்? அடுத்த வருஷம் அது வாத்து. அப்புறமும் அது பின்னால வர்றதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"எத்தனை வயசு வரைக்கும்னு போட்டிருக்கா மிஸஸ் ப்ராஸர்?" என்றார் பியூ.

"போடலைங்க. போட்டிருந்தா படிச்சிருப்பேன்."

மேவிஸுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்துவிட்டார். "என் வாத்துங்க வயசானப்புறமும் அம்மா பின்னாலதாங்க போகுது! மழையானாலும் போகுது, காரு வந்தாலும் போகுது. சந்தேகம்னா இப்பவே வாங்க, வந்து பாருங்க. நாலு கிழவிங்க முன்னால, மத்ததெல்லாம் பின்னால. மிஸ்டர் டாரன்ட்டுக்கே தெரியும், அவரு காரை ஒருநாள் முக்கால் மணி நேரம் நிறுத்தி வெச்சுதுங்க."

டாரன்ட் மறுக்கவில்லை. பியூ சிரிப்பை மறைக்கத் தாடையைத் தேய்த்தார். "எங்க வீட்டுல இருக்கறது ரெண்டும் முப்பது தாண்டிடுச்சு" என்றார் பக்கத்திலிருந்த உறுப்பினரிடம், "இன்னும் சமையல்கட்டு வரைக்கும் பின்னாலயே வருது."

வாக்கெடுப்பு இரண்டுக்கு ஒன்று. மேவிஸ் வேலியை எடுத்துவிட வேண்டும். நான்கு ஏக்கர் அவருக்கு இல்லை. ஆனால் நான்கு வாத்துகளும் அவற்றின் பின்னால் வருபவையும் புல்வெளி முழுவதும் மேயலாம், மேடு உட்பட, ஆற்றங்கரை உட்பட. வழக்கறிஞர் டாரன்ட்டின் காதில் ஏதோ சொன்னார். புல்வெளி மொத்தம் ஒன்பது ஏக்கர் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. குடில்கள் எங்கே போகும் என்று இருவரும் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தது. குழுவின் எழுத்தர், ஏழு வருடப் பழைய தாளை எனிட்டிடம் நீட்டினார். "இது இனிமே வேண்டாங்க. கிழிச்சுடுங்க. புதுசா ஒண்ணு டைப் பண்ணிக் குடுத்தாப் போதும்."

எனிட் தாளை வாங்கிக்கொண்டார். கிழிக்கவில்லை. மேசையில் வைத்து, கைப்பையிலிருந்து அளவுகோலையும் பேனாவையும் எடுத்தார். 'ஏக்கர்' என்ற சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் தப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அவ்வளவு மெல்லியது. மேலே 'வாத்து' என்று எழுதினார். ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் போட்டார். பத்திரத்தில் திருத்தம் செய்தால் இரு தரப்பும் ஓரத்தில் கையெழுத்திட வேண்டும்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேவிஸ் அருகே வந்து நின்றிருந்தார். எனிட் தன் எழுத்துகளுக்குப் பக்கத்தில் விட்டிருந்த காலி இடம் அவருக்குத் தெரியும்படி தாளைத் திருப்பி வைத்தார். பிறகு முனை தன் பக்கம் இருக்கும்படி பேனாவைப் பிடித்து, நீட்டினார்.